மாடித்தோட்டம்: சர்க்கரைவள்ளி கொடியாகவே ஓடுகிறது, முள்ளங்கி கவட்டை விழுகிறது. உதவுங்கள்

மொட்டைமாடி_மதுரை:
வணக்கம். நுனிக்கொடி வெட்டி க்ரோ பேக்கில் நட்ட சர்க்கரைவள்ளிக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது. கொடி பக்கத்துத் தொட்டிகளுக்கெல்லாம் பரவி, அங்கேயும் வேர் விட்டிருக்கிறது. கிளறிப் பார்த்தால் விரல் மொத்தத்துக்குச் சில வேர்கள், அவ்வளவுதான். உருளைக்கிழங்குக்குச் செய்வதுபோல மண் அணைத்தேன், கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் தவறாமல் கொடுத்தேன். தண்ணீர் தினமும் இரண்டு வேளை.

அப்புறம் முள்ளங்கி. குழித்தட்டில் நாற்று விட்டு மாற்றி நட்டது. எல்லாமே இரண்டு மூன்று காலாகப் பிரிந்திருக்கிறது. விதை மோசமா?

செம்மண்:
விதையைத் திட்டாதீர்கள் அக்கா. முள்ளங்கிக்கு ஆணிவேர். முளைக்கும்போது இறங்கும் அந்த ஒற்றை வேர்தான் பருத்து சாம்பாருக்கு வருகிறது. அது குழித்தட்டின் அடியில் முட்டினாலோ, பிடுங்கி நடும்போது நுனி அறுந்தாலோ, பக்கவேர்கள் பருக்க ஆரம்பித்துவிடும். தக்காளி, கத்தரி நாற்றிலும் வேர் நுனி அறுபடத்தான் செய்கிறது. அங்கே நாம் வேரைச் சாப்பிடுவதில்லை, அதனால் கவலைப்படுவதில்லை. முள்ளங்கி, கேரட் இரண்டையும் நேரடியாக விதையுங்கள். மண்ணில் கல்லோ மக்காத சாணமோ இருந்தாலும் கவட்டை விழும்.

ஓய்வு_வாத்தியார்:
சர்க்கரைவள்ளி கதை வேறு. கொடியை வெட்டி நட்டதால் அதற்கு ஆணிவேரே கிடையாது. புதைந்த கணுக்களிலிருந்து வருபவை வேற்றிட வேர்கள். ஆலம் விழுதும் மிளகுக்கொடியின் பற்றுவேரும் இதே வகைதான். விழுது கிளையைத் தாங்குகிறது, மிளகின் வேர் மரத்தைப் பிடித்து ஏறுகிறது, சர்க்கரைவள்ளியின் வேர் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது.

உருளைக்கிழங்கோ தண்டு. அதன் மேலிருக்கும் ‘கண்’ மொட்டுதான். மண்ணுக்குள் ஓடும் தண்டுக்கிளைகளின் நுனியில் கிழங்கு கட்டுவதால் அங்கே மண் அணைப்பது விளைச்சலைக் கூட்டும். சர்க்கரைவள்ளியில் எந்த வேர் பருக்கும் என்பது நட்ட முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்தச் சமயத்தில் மண் இறுகியோ சொதசொதவென்றோ இருந்தால் வேருக்குக் காற்று போதாது, நார் ஏறி மெலிந்தே நின்றுவிடும். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம். பிண்ணாக்கின் தழைச்சத்து வேறு கொடியைக் கொழுக்க வைத்திருக்கிறது.

மொட்டைமாடி_மதுரை:
நன்றி சார். அப்படியானால் மொத்தமாகப் பிடுங்கிவிடவா?

செம்மண்:
அவசரம் வேண்டாம். நார் ஏறிய வேர் இனிப் பருக்காது, ஆனால் கிளறாத பைகளில் நல்ல வேரும் இருக்கலாம். பிண்ணாக்கை நிறுத்துங்கள், மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். பக்கத்துத் தொட்டிகளில் வேர்விட்ட கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகச் சுண்டுவிரல் கிழங்கு வைக்கப் பார்க்கும், அடிக்கிழங்குக்குச் சேர வேண்டியது சிதறிப்போகும். ஒரு மாதம் பொறுத்து ஒரு பையை மட்டும் கொட்டிப் பாருங்கள். மிஞ்சிய தளிரைக் கீரையாகக் கடையலாம், நன்றாகவே இருக்கும்.

ஓய்வு_வாத்தியார்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்கிறேன் என்று மண்ணை வெடிக்க விட்டுவிடாதீர்கள். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு கிழங்குக்கு இறங்கும். வெடிப்பு தெரிந்தால் மண் போட்டு மூடுங்கள். சர்க்கரைவள்ளிக்கு மண் அணைப்பதில் பெரிய லாபம் அதுதான்.