உள்ளே வைத்த பெஞ்சமினா (ஆல் இனத்து அழகுச் செடி) இலை கொட்டுது, ரப்பர் செடி கருகுது (உப்புவெளி, திருகோணமலைக் கடலோரம்)

வாசல்படி:
விறாந்தையில் நின்ற பெஞ்சமினாவை ஹோலுக்குள் வைத்து 10 நாள். பச்சை இலையே கொட்டுது. பக்கத்துச் சாடியில் ரப்பர் செடிக்கு இலை விளிம்பு கருகுது. ரெண்டுக்கும் கிணத்துத் தண்ணிதான், ஒவ்வொரு நாளும். பேசாமல் ரெண்டையும் மதிலோரம் நிலத்தில் நடலாமா?

வேர்பிடி:
ரெண்டும் வேற வேற வருத்தம். பெஞ்சமினாவுக்கு வெளிச்சம் போதாது. வெயிலில் வளர்ந்த இலை நிழலில் தன் சாப்பாட்டுக்கே உழைக்காது. மரம் அதை உதிர்த்துவிட்டு நிழலுக்கேற்ற இலை விடும். சில கிழமையில் தளிர் தெரியும். இலை கொட்டுதெண்டு தண்ணியைக் கூட்டுறதுதான் பெரிய பிழை. இலை குறைந்தால் குடிக்கிறதும் குறையும், மிச்சம் சாடிக்குள் நின்று வேர் அழுகும். விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்க, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க. கிழக்கு யன்னலுக்கு 3 அடிக்குள் வைத்துவிட்டு, பிறகு இடம் மாற்றவே வேண்டாம். கச்சான் காற்று நேரே அடிக்கக் கூடாது. கொப்பில் நகத்தால் கீறினால் பச்சையும் பாலும் தெரியணும். தெரிந்தால் உயிர் இருக்கு.

கொட்டியாரக்கரை:
ரப்பர் செடிக்கு உப்பு எண்டுதான் நினைக்கிறன். கடலோரக் கிணறு, ஆடி ஆவணியில் நீர்மட்டம் இறங்க உவர் ஏறும். மண்ணுக்கு மேல் வெள்ளைப் படை இருக்கா? சுரண்டி எடுங்க. சாடி கொள்ளளவைப் போல 3 மடங்கு குழாய்த் தண்ணியை மெல்ல மெல்ல ஊற்றி அடித் துளையால் ஓட விடுங்க. கீழ்த்தட்டில் தேங்கினதைக் கொட்டாட்டி அதே உப்புத்தான் திரும்ப ஏறும். கருகின விளிம்பு பச்சையாகாது, புது இலையைப் பாருங்க. அடுத்த முறை மண் மாற்றும்போது தும்புத்தூள் 2 பங்கு, ஆற்று மண் 1, கொம்போஸ்ட் 1. தும்புத்தூளிலும் உப்பிருக்கும், 2 தரம் ஊறவைத்துப் பிழியணும். கடற்கரை மண் சேர்க்கவே வேண்டாம்.

நிழல்மரம்:
மதிலோரம் வேண்டவே வேண்டாம். ரெண்டும் ஆல், அரசு இனம். தோட்டத்தில் பால் வெட்டுற ரப்பருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மேகாலயாவில் இதே ரப்பர் செடியின் வேரைப் பின்னித்தான் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வளர்க்கிறாங்க. அப்படிப்பட்ட வேர் மதிலையும் மலகூடக் குழியையும் விடுமா? ஆலங்கேணி எண்டு ஊர்ப் பேர் அழகுதான், ஆனால் வீட்டுக் கிணத்துக்கு 10 மீற்றருக்குள் இந்த இனம் எதையும் நடாதீங்க. சாடியிலேயே வைத்து, 2 வருசத்துக்கு ஒருக்கால் வெளியே எடுத்து, சுற்றி நிற்கும் வேரை ஒரு அங்குலம் வெட்டி, புது மண்ணோடு அதே சாடியில் வையுங்க.

வாசல்படி:
ரப்பர் செடி கூரையைத் தொடுது. உச்சியை வெட்டி நட்டால் வருமா?

வேர்பிடி:
வெட்டி நடுறதை விட, கொப்பு செடியில் நிற்கும்போதே வேர் விடவைக்கிற பதி வைக்கிறதுதான் நிச்சயம். உச்சியிலிருந்து 1½ அடி கீழே ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாய்ப் பட்டையை உரித்து, பாலை ஈரத்துணியால் துடைத்து, நனைத்துப் பிழிந்த தும்பைச் சுற்றி பொலித்தீனால் ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்க. வேர் பொலித்தீனுக்கூடாகத் தெரிய 6 கிழமையாவது பிடிக்கும், பிறகு கட்டுக்குக் கீழே வெட்டி நடலாம். கையுறை போடுங்க, பால் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும்.