யு.எல்.ஏ. தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கல்லூரி ஆசிரியை, மதுரை:
பழைய கணினிக் கண்காட்சிக்காக சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற 1980-களின் வீட்டுக் கணினி ஒன்றின் மூடியைக் கழற்றி வைக்கிறோம். உள்ளே 40 கால் சில்லு ஒன்று, எழுத்து மங்கிப்போய் இருந்தது. திருநீறு தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் ஃபெராண்டி (செய்த நிறுவனம்), 6சி001ஈ, 8340 என்று தெரிந்தது. இதுதான் யு.எல்.ஏ., ஆங்கிலத்தில் ‘அன்கமிட்டட் லாஜிக் அர்ரே’, அதாவது எந்த வேலைக்கென்றும் பிணைக்கப்படாத தருக்கச் சில்லு. 8340 என்றால் 1983-இன் 40-ஆம் வாரத்தில் செய்தது. (வேறொரு பலகையில் 7432-ஐப் பார்த்த மாணவர் 1974, 32-ஆம் வாரம் என்று எழுதிவிட்டார். அது ஆர் கேட் (OR gate) என்ற சில்லு வகையின் எண்!) ஃபெராண்டி டிரான்சிஸ்டர்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்றபடி கடைசி உலோக இணைப்பை மட்டும் போட்டுக் கொடுத்தது. அட்டையில் இதை என்னவென்று எழுத?

புலவர் ஐயா, திருமங்கலம்:
பிணையாச் சில்லு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ‘ச்’ என்ற ஒற்றெழுத்தை விழுங்கிவிடாதீர்கள். பிணை என்றால் பெண்மான். ஆணோடு பிணைவதால் அப்பெயர் என்பது என் துணிபு. பிணா, பிணவு எல்லாம்…

யாழ்ப்பாணத்து நண்பர்:
ஐயா, மானை விடுங்கோ. எங்களுக்குச் சில்லு எண்டால் சைக்கிள் சில்லுதான். பிணையாச் சில்லு எண்டால் கழண்டு ஓடின சில்லு.

மேலூர்:
சில்லை விட்டுத்தர முடியாது. தேங்காய்ச் சில்லு இருக்கிறது. கீழடியில் பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய ஆட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. சிலிக்கான் தட்டை அறுத்த துண்டுக்கு வேறென்ன பெயர் வேண்டும்?

செல்லூர்:
எங்கள் வீட்டில் தறி இருந்தது. அப்பா பாவு, அதாவது நீளவாட்டு நூலை, முன்கூட்டியே பூட்டி வைத்துவிடுவார். குறுக்கே ஓடும் ஊடை என்ன நிறம் என்பது ஆர்டர் வந்த பிறகுதான். பாவுச்சில்லு என்று வையுங்கள் டீச்சர்.

உசிலம்பட்டி:
அண்ணே, அழகுதான், ஆனால் தப்பு. டீச்சர் கையில் இருப்பதில் ஊடை ஓடி முடிந்துவிட்டது. திரையில் தெரியும் படம், விசைப்பலகை, கேசட் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது அதுதான். சின்கிளேரின் முந்தைய கணினியான இசட்எக்ஸ்80-இல் இருபதுக்கு மேல் சில்லுகள். 1981-இல் வந்த இசட்எக்ஸ்81-இல் நான்கைந்தே. மிச்ச வேலையை யு.எல்.ஏ. விழுங்கிவிட்டது. அதைப் போய்ப் பிணையாததென்றும் வெறும் பாவென்றும் சொன்னால் எப்படி? யு.எல்.ஏ. என்றே போடுங்கள்.

செல்லூர்:
தம்பி, கல்யாணப் புடவையை இருபது வருஷம் கழித்துக் கட்டினாலும் அது கல்யாணப் புடவைதானே?

கல்லூரி ஆசிரியை:
பாவுச்சில்லுக்கு நான்கு பேர், பிணையாச் சில்லுக்கு இருவர், அப்படியே விடச் சொல்பவர் ஒருவர். ‘யு.எல்.ஏ. எனும் பாவுச்சில்லு’ என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா.

புலவர் ஐயா:
கோபமில்லை அம்மா. ஆனால் பாவு என்பது பரவு என்பதன் திரிபா, தனி வேரா? நாளை விரிவாக எழுதுகிறேன்.