கூல்ஸ்கேனை எடைக்குப் போடலாமா?

இருட்டறைவாசி: எப்சன் வி850 என்ற தட்டை ஸ்கேனர் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) தருகிறது, ஆகவே 4000 மட்டுமே தரும் ஃபிலிம் ஸ்கேனரான நிக்கான் கூல்ஸ்கேன் 5000ஐ இன்னும் கட்டிக்கொண்டு அழுபவர்கள் அதை எடைக்குப் போடலாம் என்று நேற்று வெண்திரை இங்கே எழுதியிருந்தார். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைப் படிப்பதற்கு ஸ்கேனர் எதற்கு, மூக்குக்கண்ணாடி போதுமே! நுண்கோடுகள் கொண்ட சோதனை அட்டையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 6400இல் மிஞ்சியது சுமார் 2300தான். 36 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபிலிம் ஃபிரேமுக்கு அது ஏறக்குறைய 3260 புள்ளிகள். 12 அங்குல அச்சை 300 டிபிஐயில் எடுக்கவே 3600 வேண்டும், அதற்கே இது போதாது.

வெண்திரை: 6400 என்பது தயாரித்தவர்களே கொடுத்த எண். அதை மறுக்கத் தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா? கூல்ஸ்கேன் உற்பத்தி நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அதன் சொந்த மென்பொருள் புதிய விண்டோஸில் ஒழுங்காக ஓடுவதில்லை. என்னுடையது அகலமான 120 ரக ஃபிலிமையும் எடுக்கும், தங்களுடையது 35 மில்லிமீட்டர் ஃபிலிமைத் தாண்டாது.

இருட்டறைவாசி: மென்பொருளுக்கு, பழைய ஸ்கேனர்களையும் இயக்கும் வியூஸ்கேன் இருக்கிறது. 120ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, 6400ஐப் பற்றித்தான் கேட்டேன். என் தந்தையார் 1987இல் எடுத்த ஒரு கல்யாண நெகட்டிவை நண்பர் ஒருவரின் வி850இல் 2400இலும் 6400இலும் எடுத்துப் பார்த்தேன். கோப்பு ஏழு மடங்கு பெருத்ததே தவிர, மணப்பெண்ணின் சேலைக் கரையிலிருந்த சரிகை இரண்டிலும் ஒரே மஞ்சள் பட்டையாகத்தான் கிடந்தது. கூல்ஸ்கேனில் அதே சரிகையை இழை இழையாக எண்ண முடிந்தது.

அச்சுக்காரன்: ஸ்கேனருக்காக இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள், உண்மையில் மாற்ற வேண்டியது பிரிண்டரை. எப்சன் பி800 பிரிண்டரில், பளபளப்பற்ற தாளுக்கான மேட் கறுப்பு மையிலிருந்து பளபளப்புத் தாளுக்கான ஃபோட்டோ கறுப்புக்கு மாறும்போதெல்லாம் மை வீணாகிறது. 2020இல் வந்த பி900இல் இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. மாதத்தில் எத்தனை முறை தாள் வகையை மாற்றுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தாலே வாங்கும் நேரம் வந்துவிட்டதா என்பது விளங்கும்.

வெண்திரை: 80 மில்லிலிட்டராக இருந்த கார்ட்ரிட்ஜ் பி900இல் 50ஆகச் சுருங்கியதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சென்ற ஆண்டு எனக்கு விற்ற பழைய பிரிண்டரில் மை தெளிக்கும் ஹெட் அடைத்திருந்ததையும் இப்படித்தான் சொல்லாமல் விட்டீர்கள்.

அச்சுக்காரன்: விற்ற அன்று தங்கள் கண்ணெதிரே மைத் துளைகளின் அடைப்பைக் காட்டும் நாஸில் செக் எடுத்துக் காட்டினேன். மூன்று மாதம் துணி போட்டு மூடி வைத்தால் எந்த ஹெட்தான் அடைக்காது?

இருட்டறைவாசி: தங்கள் கொடுக்கல் வாங்கலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 6400க்கு இன்னும் பதில் வரவில்லை. அச்சில் குறை தெரிகிறது என்று வாடிக்கையாளர் படத்தைத் திருப்பிக் கொண்டுவரும்வரை நான் கருவியை மாற்றுவதாக இல்லை. இதுவரை ஒருவரும் கொண்டுவந்ததில்லை.

வெண்திரை: நெகட்டிவைப் பிடிக்கும் ஃபிலிம் ஹோல்டரின் உயரத்தைப் படம் கூர்மையாக வரும்படி சரிசெய்யத் தெரியாதவர்களுக்குத்தான் சரிகை பட்டையாகத் தெரியும்.

இருட்டறைவாசி: உயரத்தை எல்லா நிலைகளிலும் வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன். போகட்டும், தங்கள் நெகட்டிவ் ஒன்றையே 2400இலும் 6400இலும் எடுத்து, சுருக்காமல் முழு அளவில் ஒரு பகுதியை வெட்டி இங்கே இடுங்கள்.

வெண்திரை: எனக்குக் கல்யாண ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன, வேலையற்றவர்களுக்காகச் சோதனை செய்ய நேரமில்லை. பெட்டியில் 6400 என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

அச்சுக்காரன்: ஆர்டர்கள் குவிந்திருந்தால் என் பாக்கி ஆயிரத்து ஐந்நூறையும் அனுப்பிவிடலாமே.