சாக்ஸும் அரை மாரி பிஸ்கட்டும்

செம்பூர் வாசி:
நாய் குரைத்தால் முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஒரே வாரத்தில் அடங்கிவிடும் என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார். அவர் எந்த பங்களாவில் இருக்கிறாரோ. நான் இருப்பது 400 சதுர அடி, முதுகைத் திருப்பினால் சுவர்தான், அதற்குள் எங்கள் லாப்ரடார் காலுக்கு நடுவில் புகுந்து முன்னால் வந்துவிடும். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தால் போதும், அழுக்குக் கூடையிலிருந்து ஒரு சாக்ஸை எடுத்து, கடிக்காமல் மெல்லாமல், வாயோரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கேமரா எதிரே நிற்கும். எழுந்தால் ஓடும், உட்கார்ந்தால் வரும். கண்டுகொள்ளாவிட்டால் குரைப்பு, அப்புறம் கீழ்வீட்டுக்காரர், அப்புறம் சொசைட்டி செக்ரட்டரி. அம்மா அரை மாரி பிஸ்கட் கொடுத்தால்தான் அடங்குகிறது. உருப்படியாக யாராவது வழி சொல்லுங்கள்.

முலுண்ட் மணி:
அந்த மேதாவி நான்தான், வணக்கம். சாக்ஸ் தூக்குவதற்குச் சம்பளமும் கொடுத்துவிட்டு, ஏன் தினமும் வேலைக்கு வருகிறது என்று கேட்கிறீர்களே சார்.

செம்பூர் வாசி:
அரை பிஸ்கட். முழுசு இல்லை. அதுவும் தினமும் கிடையாது, அம்மா மனமிரங்கினால்தான்.

முலுண்ட் மணி:
எப்போதாவது கொடுப்பதுதான் தினமும் கொடுப்பதைவிட மோசம். உளவியல் ஆராய்ச்சியாளர் ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்து இதைத்தானே காட்டினார், எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்குத்தான் விலங்கு விடாமல் முயலும். நிறுத்தினால் குரைப்பு முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடுகிற நேரம் பார்த்து நீங்கள் பிஸ்கட்டை நீட்டினால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

செம்பூர் வாசி:
ஸ்கின்னரின் எலிக்குக் கீழ்வீட்டுக்காரர் உண்டா? அரை பிஸ்கட்டுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?

ராஜபாளையத்தான்:
லாப்ரடார் தீனிக்கென்றே பிறந்தது. எங்கள் ராஜபாளையம் பிஸ்கட்டுக்கெல்லாம் மசியாது. 2005-இல் தபால் தலையிலேயே வந்த நாய் அது!

மாட்டுங்கா மாமி:
அதே தபால் தலை வரிசையில் முதோல் நாயும் ராம்பூர் நாயும்தான் வந்தன, ரொம்பப் பீற்றிக்கொள்ளாதீர்கள். வேட்டை நாயை மும்பை ஃப்ளாட்டில் அடைத்துப் பாருங்கள், சாக்ஸ் என்ன, சோபாவே மிஞ்சாது. செம்பூர் தம்பி, மழையைச் சாக்கு வைத்து நாயைக் கீழே இறக்காமல் இருக்கிறீர்களா? மீட்டிங்குக்கு முன்னால் அரை மணி நேரம் தெருவில் நன்றாக மோந்து பார்க்க விடுங்கள். அதன் சாப்பாட்டில் கொஞ்சத்தைப் பழைய துண்டில் சுருட்டிப் போடுங்கள், அதைப் பிரிப்பதிலேயே நேரம் போய்விடும். திடீரென்று ஆரம்பித்த பழக்கம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், வலி இருந்தாலும் நம்மையே சுற்றி வரும். அப்புறம், செக்ரட்டரியைக் கண்டு உங்களுக்கு எதற்கு இந்தப் பயம்? பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் சொசைட்டி நாயைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது.

செம்பூர் வாசி:
வாரியமா மாமி வந்து கீழ்வீட்டுக்காரரைத் தூங்க வைக்கும்? ராஜபாளையத்தாரே, லாப்ரடாரை இளக்காரம் பேசும் முன் கொஞ்சம் படியுங்கள். ஏறக்குறைய கால்வாசி லாப்ரடார்களுக்குப் பசியைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வளர்ப்புக் குறை இல்லை, பிறவி.

முலுண்ட் மணி:
பிறவிப் பசி என்றால் பிஸ்கட்டை இன்னும் கண்ணிலேயே காட்டக் கூடாது.

செம்பூர் வாசி:
அரை பிஸ்கட் சார், அரை! அதுவும் கொடுப்பது நான் இல்லை. வயதானவர் ஆசையாகக் கொடுப்பதைத் தட்டிப் பறிக்கச் சொல்கிறீர்களா? போன மாதம் தண்ணீர் ஃபில்டர் விவாதத்திலும் இப்படித்தான் எல்லாம் தெரிந்தவர் போல வந்தீர்கள்.

முலுண்ட் மணி:
ஃபில்டரை ஏன் இழுக்கிறீர்கள்? பாக்கெட்டை வாங்கி வைப்பது யார்?

ராஜபாளையத்தான்:
கேம்பிரிட்ஜே சொல்லிவிட்டது, தின்னி நாய் என்று. நான் சொன்னால்தான் கோபம்.

மாட்டுங்கா மாமி:
அந்த அழுக்குக் கூடைக்கு ஒரு மூடி வாங்கக் கூடாதா?

செம்பூர் வாசி:
மூடி போட்டால் செருப்பைத் தூக்கும். நான் கேட்டது குரைப்புக்கு வழி, ஆளாளுக்கு என் வீட்டுச் சாமானைக் கணக்கெடுக்கிறீர்கள். ஒரு வாரத்தில் அடங்கும் என்று எழுதியவர், சத்தம் கூடும் என்பதை நேற்று ஏன் எழுதவில்லை? அதற்குப் பதில் வரவில்லை, பிஸ்கட், பிஸ்கட் என்று ஒரே பாட்டு.

முலுண்ட் மணி:
எழுதினேன், நீங்கள் முழுசாகப் படிக்கவில்லை. இன்றைக்குக் கொடுத்தாயிற்றா?

செம்பூர் வாசி:
கால் பிஸ்கட். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.