தர்ட் லனார்க், கேத்கின் பார்க்: போய்ப் பார்த்தவர்களும் தேடிப் படித்தவர்களும் எழுதலாம்

கோல்கம்பம்:

1967-இல் கிளாஸ்கோவின் தர்ட் லனார்க் ஃபுட்பால் கிளப் மூடிய கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், முன்னுரை வேண்டாம். அதன் மைதானமான கேத்கின் பார்க்கில் ஒரே ஒரு இடம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மூன்று பக்கம் நின்று பார்க்கும் கேலரி அப்படியே இருக்கிறது. நாலாவது பக்கத்தில் பெரிய ஸ்டாண்ட் இருந்தது, இப்போது இல்லை. மேட்டில் படி ஏறினால் கூட்ட நெரிசலைத் தடுக்கப் போட்ட இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றில் கையூன்றினால் எதிரே கோல் ஏரியா தெரிய வேண்டும். தெரிவது ஒரு மரத்தின் அடிப்பாகம். கம்பிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் முளைத்து, மைதானத்தையே மறைக்கிற அளவுக்குப் பருத்துவிட்டது. 1954 ஸ்காட்டிஷ் கோப்பையில் ரேஞ்சர்ஸ் இங்கே ஆடியபோது 45,455 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தின் உச்சம் அதுதான். கடைசி ஹோம் மேட்ச், 1967 ஏப்ரல் 25, குவீன் ஆஃப் தி சவுத்துடன் 3-3. வந்தவர்கள் 325 பேர்.

கேலரி தப்பித்ததற்குக் காரணம் பாசமெல்லாம் இல்லை. ஸ்டாண்ட் தனிக் கட்டடம், அதை இடித்து எடுத்துவிடலாம். கேலரி மண்மேட்டில் வெட்டிய படிகள். வீடு கட்டினால்தான் அந்த மேட்டை வாருவார்கள். வீடு கட்ட கிளாஸ்கோ நகராட்சி அனுமதி கொடுக்கவில்லை, இடம் பூங்காவாயிற்று, மேடு பிழைத்தது.

பழையஸ்கோர்:

எனக்கு மைதானத்தை விட இரண்டு அட்டவணை வரிகள்தான் உறுத்தல்.

1960-61: 34 ஆட்டம், 20 வெற்றி, 2 டிரா, 12 தோல்வி. அடித்தது 100, வாங்கியது 80. மூன்றாம் இடம்.
1964-65: 34 ஆட்டம், 3 வெற்றி, 1 டிரா, 30 தோல்வி. அடித்தது 22, வாங்கியது 99. கடைசி இடம், 7 புள்ளி.

நடுவில் மூன்று சீசன், அவ்வளவுதான். முதல் வரியின் கடைசி நாள் ஹிபர்னியனுடன் ஆட்டம். நூறைத் தொட ஆறு கோல் வேண்டும், ஆறு அடித்தார்கள், 6-1. முன்வரிசை ஐந்து பேர்: குட்ஃபெல்லோ, ஹில்லி, ஹார்லி, கிரே, மெக்கின்னஸ். இந்த ஐந்து பெயரையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்கள் கிளாஸ்கோவில் இன்னும் இருக்கிறார்கள். அந்த சீசனில் அலெக்ஸ் ஹார்லி மட்டும் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 42.

பிறகு எல்லாம் விற்பனை. 1962-இல் ஹார்லி மான்செஸ்டர் சிட்டிக்கு, அதே வருடம் டேவ் ஹில்லி நியூகாசிலுக்கு. 1963-இல் மாட் கிரே சிட்டிக்கு, குட்ஃபெல்லோ லெஸ்டருக்கு. இந்த அணியை உருவாக்கிய மேனேஜர் ஜார்ஜ் யங், ஸ்காட்லாந்தின் முன்னாள் கேப்டன், 1962-லேயே போய்விட்டார். அவர் போனதும் பில் ஹிடில்ஸ்டன் தலைவராக வந்ததும் ஒரே காலம். ஒரு மனிதர் ஒரு கிளப்பை எப்படிக் கொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேறு இல்லை.

வடமராட்சி:

கோல்கம்பம் அண்ணை, மரத்தைச் சொல்லி ஆக்களைப் பயப்படுத்தாதேங்கோ. மைதானம் கைவிட்டுக் கிடக்குது எண்டு நினைச்சு ஒருத்தரும் போகாமல் விடக்கூடாது. நடுவில புல்லு வெட்டித்தான் கிடக்கு, உதைபந்தாட்டம் நடக்குது. தர்ட் லனார்க் எண்ட பேரிலயே அமெச்சூர் அணி ஒண்டு பிறகு உருவாகி அங்க விளையாடினது.

போறவைக்கு வழி: கிளாஸ்கோ சென்ட்ரல் ஸ்டேஷனில கேத்கார்ட் சர்க்கிள் ரயில் எடுங்கோ. நேரா மவுண்ட் ஃப்ளோரிடாவுக்குப் போகாமல் முதல்ல கிராஸ்ஹில்லில இறங்குங்கோ. பக்கத்தில ஹாம்ப்டன் பவுலிங் கிளப். அதுதான் முதலாவது ஹாம்ப்டன் பார்க் இருந்த நிலம், 1873-இல குவீன்ஸ் பார்க் கழகம் திறந்தது. இதே கேத்கார்ட் ரயில் பாதை போட இடம் தேவைப்பட்டதாலதான் அவை அங்கயிருந்து கிளம்பினவை. சுவரில 1882 ஆட்டத்தை வரைஞ்சிருக்கினம், ஸ்காட்லாந்து 5, இங்கிலாந்து 1. அந்த அணியில ஆண்ட்ரூ வாட்சன் இருந்தவர், உலகத்தில முதல் கறுப்பின சர்வதேச வீரர். அங்கயிருந்து தெற்கால நடந்தால் கேத்கின். அது இரண்டாவது ஹாம்ப்டன், 1884 முதல் 1903 வரை. பிறகு தர்ட் லனார்க் எடுத்துப் பேரை மாத்தினது. இன்னும் கொஞ்சம் நடந்தால் இப்பத்தைய ஹாம்ப்டன், உள்ளுக்க ஸ்காட்டிஷ் ஃபுட்பால் மியூசியம். திரும்புறதுக்கு மவுண்ட் ஃப்ளோரிடா ஸ்டேஷன். மூண்டையும் அரை நாளில முடிக்கலாம்.

மழை பெய்த அடுத்த நாள் கேலரிக்கு ஏறுறதெண்டால் பிடிப்புள்ள சப்பாத்து வேணும். படியில இலையும் பாசியும் சேர்ந்தால் வழுக்கும், வேர் கிளப்பின படி ஆடும். கம்பியைப் பிடிச்சு ஏறுறது நல்லதில்லை, எத்தினை வருச இரும்பு எண்டதை யோசியுங்கோ. இலையுதிர் காலம் முடிஞ்ச பிறகு போனால் மேட்டின்ர வடிவம் முழுசாத் தெரியும். கோடையில பச்சை மூடிப்போடும், படம் எடுத்தாலும் கேலரி எண்டு விளங்காது.

எல்லைக்கோடு:

பழையஸ்கோர், ஒருவர் கொன்றார் என்று சொல்வது வசதியான பதில். அதில் பாதி உண்மைதான்.

நீங்கள் சொன்ன அந்த நாலு பேரும் ஏன் இங்கிலாந்துக்குப் போனார்கள்? 1961 ஜனவரியில் இங்கிலாந்து லீக் வீரர்களின் சம்பள உச்சவரம்பை எடுத்தது. அதுவரை வாரம் 20 பவுண்டுக்கு மேல் அங்கே யாருக்கும் கிடையாது, ஆகவே ஸ்காட்லாந்தின் நல்ல கிளப்பில் இருப்பவன் பெட்டி கட்ட அவசரப்படவில்லை. வரம்பு போனதும் நியூகாசிலோ லெஸ்டரோ சொல்கிற தொகையை கேத்கின் வசூலில் எந்தத் தலைவராலும் கொடுக்க முடியாது. ஹிடில்ஸ்டன் வராமல் இருந்திருந்தாலும் ஹார்லியும் ஹில்லியும் போயிருப்பார்கள்.

அடுத்தது இடம். கிளாஸ்கோ ஒரு நகரத்துக்கு அன்று ஆறு லீக் கிளப்: ரேஞ்சர்ஸ், செல்டிக், பார்ட்டிக் திசில், கிளைட், குவீன்ஸ் பார்க், தர்ட் லனார்க். கேத்கினிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஹாம்ப்டன். நகரின் தென்பகுதி, குறிப்பாக கோர்பல்ஸ், அந்த வருடங்களில் பழைய குடியிருப்புகளை இடித்து ஆட்களை நகர எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மதியம் நடந்து வந்தவன் இரண்டு பஸ் மாறி வரமாட்டான். வந்தாலும் ரேஞ்சர்ஸுக்கோ செல்டிக்குக்கோதான் போவான். செல்டிக் 1967 மே 25-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய சீசனும், தர்ட் லனார்க் கடைசியாக ஆடிய சீசனும் ஒன்றே. அதே நகரம், அதே வசந்தம்.

இதை விட்டுவிட்டு வில்லனை மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது.

பழையஸ்கோர்:

எல்லைக்கோடு, சம்பள வரம்பு சரி. ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய காரணம். ஆனால் அதே சம்பளம், அதே நகரம், அதே இடிபாடு பார்ட்டிக்குக்கும் கிளைடுக்கும் இல்லையா? இரண்டும் இன்று வரை இருக்கின்றன. பார்ட்டிக் 1971-இல் லீக் கோப்பை ஃபைனலில் செல்டிக்கையே 4-1 என்று அடித்தது. நீங்கள் சொன்ன காரணங்கள் கிளப்பை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கும். மூடாது.

1966-67 இரண்டாம் டிவிஷனில் தர்ட் லனார்க் 11-ஆம் இடம். 20 அணியில் 11. அது சாகிற அணியின் இடமா? ஏப்ரல் 28-இல் டம்பார்ட்டனின் பாக்ஹெட் மைதானத்தில் 5-1 தோல்வி, அந்த ஒரு கோல் ட்ரூ பஸ்பி அடித்தது, கிளப்பின் கடைசி கோல். அதன்பின் ஒரு ஆட்டமும் இல்லை. அந்தக் கோடையில் கம்பெனியையே கலைத்தார்கள். பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியம் விசாரணை வைத்தது. 1968-இல் முன்னாள் இயக்குநர்கள் நாலு பேர் 1948 கம்பெனிச் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி ஆளுக்கு 100 பவுண்டு அபராதம். ஹிடில்ஸ்டன் 1967 நவம்பரிலேயே இறந்துவிட்டார், கோர்ட்டுக்கு வரவில்லை.

வரிசையைப் பாருங்கள். வீரனை விற்கிறார்கள், அந்தப் பணம் அணிக்குத் திரும்பவில்லை. அணி தோற்கிறது, கூட்டம் குறைகிறது, கடைசியில் மிச்சம் இருக்கிற ஒரே சொத்து நிலம். மைதானம் கிளப்பின் பெயரில் இருந்தால் நிர்வாகத்துக்கு ஆட்டத்தை விட மனை விலை பெரிதாகத் தெரிகிற நாள் ஒன்று வரும். சொந்த மைதானம் வைத்திருக்கிற எந்தச் சின்ன கிளப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. தப்பிக்க ஒரு வழி, நிலத்தைத் தனி டிரஸ்ட் பெயரில் வைத்து, விற்க உறுப்பினர் வாக்கு வேண்டும் என்று விதியில் எழுதுவது.

தாள்வாசி:

1889 ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனலின் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒன்று குடைகிறது. பிப்ரவரி 2, தர்ட் லனார்க் 3, செல்டிக் 0. கோப்பை கையில் இருக்க வேண்டும். மைதானம் முழுக்கப் பனி, இது ஆட்டத்துக்குரிய தரை இல்லை என்று சங்கம் முடிவு செய்து, அந்த 3-0 நட்பு ஆட்டக் கணக்கில் போயிற்று. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடி 2-1 என்று ஜெயித்தார்கள். நடந்த இடம் இரண்டாவது ஹாம்ப்டன், அதாவது கோல்கம்பம் மரம் பார்த்த அதே மைதானம். 14 வருடம் கழித்துத் தங்கள் சொந்த வீடாகப் போகிற இடத்தில் முதல் கோப்பையை இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய பேப்பரில் இறங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தெரியாமல் இறங்கினால் தப்பான கிளப் வரலாறு எழுதிவிடுவீர்கள்.

முதலில் பெயர். 1872 டிசம்பர் 12-இல் தொடங்கியவர்கள் தர்ட் லனார்க்ஷயர் ரைஃபிள் வாலண்டியர்ஸ் படையினர். முதல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 1903 வரை பேப்பரில் 'தர்ட் லனார்க்' என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. '3-ஆவது எல்.ஆர்.வி.' என்று, எண்ணிலும் எழுத்திலும், புள்ளி வைத்தும் வைக்காமலும் தேடுங்கள். ஸ்கேன் செய்த பழைய அச்சில் 3 என்பது 8 ஆகவும் 5 ஆகவும் பதிவாகியிருக்கும், அதையும் போட்டுப் பாருங்கள். சில நிருபர்கள் வெறும் 'வாலண்டியர்ஸ்' என்றே எழுதுவார்கள். அப்போது வேறு படைப்பிரிவு அணிகளும் ஆடின என்பதால் எதிரணியையும் தேதியையும் சேர்த்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

அடுத்து மைதானம். பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 1884 மார்ச்சில் கேத்கின் பார்க்கில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 1-0 என்று ஜெயித்தது என்று வரும். அது இந்தக் கேத்கின் இல்லை, கோவன்ஹில் பக்கம் இருந்த பழைய கேத்கின். 1903-இல் குவீன்ஸ் பார்க் புது ஹாம்ப்டனுக்குப் போனதும் அவர்கள் விட்ட மைதானத்துக்கு இவர்கள் வந்து தங்கள் பழைய பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். எனவே 1903-க்கு முந்தைய செய்தியில் 'ஹாம்ப்டன்' என்றால் அது இன்றைய கேத்கினாக இருக்கலாம், 'கேத்கின்' என்றால் இன்றைய கேத்கின் இல்லவே இல்லை.

புள்ளிக் கணக்கு: வெற்றிக்கு இரண்டுதான். லீக் பட்டம் வாங்கிய 1903-04-இல் 26 ஆட்டத்தில் 43 புள்ளி என்பது 20 வெற்றி, 3 டிரா. ஸ்காட்லாந்தில் மூன்று புள்ளி 1994-95-இல்தான் வந்தது. இன்றைய கணக்கில் மாற்றி எழுதாதீர்கள், ஒப்பிடுகிறவர்களுக்கு எல்லாம் குழம்பும். 1960-61 காலத்தில் இரண்டு அணியின் புள்ளி சமமானால் கோல் சராசரி, அதாவது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. 1960-61-க்கு அது 1.25.

கூட்ட எண்ணிக்கை: பழைய காலத்தில் 18,000, 20,000 என்று முழு எண்ணாக இருந்தால் அது நிருபரின் கண் மதிப்பு. 45,455, 325 போலக் கடைசி இலக்கம் வரை இருந்தால் டிக்கெட் கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது.

கம்பெனித் தாள்: ஸ்காட்லாந்தில் பதிவாகிக் கலைந்த கம்பெனிகளின் கோப்புகள் எடின்பரோவில் நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்தில் 'பி.டி.2' வரிசையில் வரும். இயக்குநர் மாற்றம், ஷேர் பட்டியல், அடமானம் எல்லாம் அந்த வகைக் கோப்பில்தான் தேட வேண்டும். இயக்குநர் மாறிய தேதியையும் அடமானம் பதிவான தேதியையும் அருகருகே எழுதினாலே பழையஸ்கோரும் எல்லைக்கோடும் போடுகிற சண்டைக்குப் பாதி பதில் வந்துவிடும். கிளாஸ்கோ பேப்பர்களுக்கும் நகராட்சிப் பதிவுகளுக்கும் மிட்செல் லைப்ரரி.

நடுவட்டம்:

இந்தியக் கிளப்புகளோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். மஹிந்திரா யுனைடெட் 2005-06 நேஷனல் லீக் சாம்பியன், 2010-இல் மூடினார்கள். ஜேசிடி 1996-97-இல் முதல் நேஷனல் லீக் சாம்பியன், 2011-இல் மூடினார்கள். இரண்டிலும் மூடியது உரிமையாளர் கம்பெனி, ஒரு அறிவிப்போடு முடிந்தது. கடன்காரன், விசாரணை, கோர்ட் என்று எதுவும் தேவைப்படவில்லை. தர்ட் லனார்க் தானே ஒரு கம்பெனி, அதனால்தான் இத்தனை தாள் மிச்சம் இருக்கிறது. ஜேசிடி பற்றி 50 வருடம் கழித்து ஒருவன் தேடினால் என்ன கிடைக்கும்? இப்போதே ஸ்கோர் ஷீட், டீம் லிஸ்ட், படம் எதுவாக இருந்தாலும் தேதியோடு ஸ்கேன் பண்ணி வையுங்கள்.

வடமராட்சி:

நடுவட்டம், இன்னொண்டு சேர்க்கிறன். தர்ட் லனார்க் போன இடத்துக்கு லீக் உடன ஆரையும் எடுக்கேல்லை. 1967-68 இரண்டாம் டிவிஷன் 19 அணியோட நடந்தது. ஒற்றை எண் எண்டதால எல்லாரும் விளையாடுற சனிக்கிழமையிலயும் ஒரு அணி சும்மா இருக்கும், அந்த நாளைய வசூலும் இல்லை. 1974-இல மெடோபேங்க் திசில் எண்ட அணி வந்த பிறகுதான் ரெண்டு டிவிஷனும் சேர்த்து மொத்தம் 38 அணி ஆச்சுது.

பழைய கேத்கின் இருந்த இடத்தில இப்ப என்ன நிக்குது எண்டு ஆராவது போய்ப் பார்த்தனீங்களோ? இருந்தால் படத்தோட போடுங்கோ.