கொழும்பில் லெப்டொப்போடு சில மாதங்கள்: வீடு, கரண்ட், நெட்

(பலர் எழுதியது. ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊர் அல்லது அடையாளம்.)

வெள்ளவத்தை

வெளிநாட்டு வேலையை இங்கிருந்தே செய்யலாம் என்று வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது வாடகை. அடுத்தது, கடல் தெரியுமா. தயவுசெய்து அதற்கு முன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். மலிவாகக் கிடைத்த வீடு கையைக் கடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டு மின்கட்டணம் இங்கே படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. பிறகு 90, 120, 180 என்று படிகள். 180க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும்தான் விலை கூடியது. ரூபாய்த் தொகை அடிக்கடி திருத்தப்படுவதால் வரும் மாதத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அனெக்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. மேல்மாடியில் வீட்டுக்காரர், கீழே நீங்கள், இரண்டுக்கும் ஒரே மின் கணக்கு. உங்களுக்கென்று ஒரு துணை மீட்டர் மாட்டியிருப்பார்கள். அவர் 110, நீங்கள் 90 என்றால் பில் வருவது 200 யூனிட்டுக்கு. தனிக் கணக்கு இருந்திருந்தால் உங்கள் 90 கீழ்ப் படியிலேயே நின்றிருக்கும். துணை மீட்டர் யூனிட்டை ஒழுங்காகத்தான் எண்ணும், படி மட்டும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஏறும். ஆகவே தனி கணக்கு இலக்கம் உண்டா என்று கேளுங்கள். கடைசி மூன்று மாத பில்லையும் வாங்கிப் பாருங்கள்.

ஏசி கணக்கு: 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வெர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை ஒன்று, 26 டிகிரியில் கதவைச் சாத்தி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ அரை யூனிட். எட்டு மணி நேர வேலைக்கு 4, மாதத்துக்கு 120. பழைய சாதாரண ஏசி என்றால் இதன் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். குளிர்சாதனப் பெட்டி ஒரு 30, மிச்சம் பேன், லைட், சுடுநீர். பகல் முழுக்க பழைய ஏசி போட்டால் 180ஐத் தாண்டாமல் இருக்கவே முடியாது. பத்துக்குப் பத்தடி அறைக்கு 9,000 பிடியூ போதும். ஏசியோடு மேல்பேனையும் மெதுவாகச் சுழல விட்டால் 26 டிகிரியிலேயே நன்றாக இருக்கலாம்.

நுகேகொடை

நெட்டைப் பற்றிச் சேர்க்கிறேன். ஃபைபர் உள்ள வீடாகப் பாருங்கள். வேகத்தை விட, கரண்ட் போன நேரத்திலும் அது அறுந்துபோகாமல் ஓடுவதுதான் காரணம். தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் தெருவில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால், உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டிக்கு (நெட் கொடுக்கும் ரவுட்டர்) மட்டும் உயிர் கொடுத்தால் போதும். 4ஜி அப்படியில்லை: கோபுரத்து பேட்டரி இறங்கும், அதற்கு முன்னமே முழுத் தெருவும் அதில் ஏறி நெரிசலாகும்.

2022இல் இருந்த மாதிரி நீண்ட மின்வெட்டு இப்போது இல்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. ஏற்பாடு இல்லாமல் இருக்கக் கூடாது.

வாங்க வேண்டியது மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியை ஓட்டும் சின்ன பேட்டரி. மேலே 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பார்கள். அது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. இழப்புப் போகக் கைக்கு வருவது 30 அளவில். ஃபைபர் பெட்டி 8 முதல் 10 வாட் இழுக்கும், ஆக மூன்று மணி நேரம். தனியாக இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தால் இரண்டு மணிக்குள் இறங்கிவிடும். பெட்டியின் அடப்டரில் 12 வோல்ட் என்றிருந்தால் யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் வாயில்தான் குத்த வேண்டும். 9 வோல்ட்டில் குத்தினால் விளக்கு எரியும், ஆனால் பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பழுது என்று நினைத்து முறைப்பாடு கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

வேகம் பார்ப்பது இரவு 8 மணிக்கு, வேலை செய்யப் போகும் மேசையில். கொங்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் வைபை மெலியும். 10 மீற்றர் கேபிள் ஒன்று வாங்கி இழுத்துவிடுங்கள். மாத டேட்டா அளவு முடிந்தால் வேகம் குறையும் பக்கேஜா என்பதையும் கேளுங்கள். வீடியோ கோல் மணிக்கு 1 ஜிபி வரை தின்னும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல். ஃபைபர் வயர் மின்னலைக் கடத்தாது, அடப்டர் கடத்தும். வானம் கறுத்தால் சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு யூபிஎஸ்ஸில் ஓட விடுங்கள்.

பம்பலப்பிட்டி

ஒரு கேள்வி. ராமகிருஷ்ண வீதிப் பக்கம், கடல் பார்த்த அறை, மூன்று மாதம். எடுக்கலாமா அண்ணா?

வெள்ளவத்தை

கடலோர ரயில் பாதை மரைன் டிரைவ் என்ற கடற்கரை வீதியை ஒட்டியே போகிறது, தம்பி. ஹோர்ன் சத்தம் கோலில் கட்டாயம் கேட்கும். அந்த வீட்டில் பின்பக்க அறை இருந்தால் அதை வேலைக்கு வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பை உள்ளே கொண்டுவரும். ஜன்னல் கம்பியை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். அதே படலம் லெப்டொப்பின் சார்ஜ் வாயிலும் படியும், பச்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் மூடி பையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா பொட்டலமும் போடுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்திருந்தால் அந்த வீடு வேண்டாம். குளிர் வராது, பில் மட்டும் வரும்.

கொட்டாஞ்சேனை

ஒப்பந்தம். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வைத்து ஆறு மாத முற்பணம் கொடுப்பவர்கள் பிறகு அந்தக் காசைக் கேட்கும்போது கையில் வலுவான பத்திரம் இல்லாமல் நிற்கிறார்கள். முற்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், பெயின்ற் செலவு யாருடையது, இடையில் வெளியேறினால் எத்தனை மாத அறிவித்தல் என்ற மூன்றும் எழுத்தில் வரட்டும். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். பொலிஸ் பதிவுப் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வீசா சுருக்கமாக: சுற்றுலா ஈடிஏ (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) 30 நாள். நீடிப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், பத்தரமுல்லையில். போயா (பௌர்ணமி) நாள் அரச விடுமுறை, அலுவலகம் மூடியிருக்கும், மாதா மாதம் வரும், வெசாக்குக்கு இரண்டு நாள். கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

இரவு வேலைக்காரர்

நியூயோர்க் காலை 9 மணி இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டன் 9 மணி பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நமது நேரம் மாறாது, அவர்களுடையதுதான் மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாறும். இரண்டு நாடும் ஒரே வாரத்தில் மாற்றுவதில்லை, அந்த இடைவெளியில்தான் கூட்டங்கள் தவறும்.

இன்னொன்று, டெங்கு. மேசைக்குக் கீழே கால் வைத்தபடி மணிக்கணக்காக இருப்பவர்களைக் கடிக்கும் நுளம்பு பகலில்தான் வரும், விடியலிலும் பின்னேரமும் அதிகம். ஏசி வடிநீர் விழும் வாளி, பூச்சாடித் தட்டு, பல்கனி மூலை மூன்றையும் வாரம் ஒரு முறை கொட்டிக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், இபுபுரொபெனும் அஸ்பிரினும் கூடாது. முதல் நாட்களில் என்எஸ்1 (டெங்குவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), மூன்றாம் நாளிலிருந்து இரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. வயிற்று நோ, விடாத வாந்தி, மயக்கம் இருந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.