சேசிஸ் வளைந்த பழைய கார்: செலவு செய்து சரி பண்ணியவர்கள் சொல்லுங்கள்

பழையவண்டி
14 வருடக் கார், இடது முன் மூலையில் இடி. பம்பர், ஹெட்லைட், பானெட் என்று ஒரு தொகை சொன்னார்கள், சரி என்றேன். மூன்றாம் நாள் போன்: "நேர்ல வந்து ஒரு தடவை பாத்துடுங்க சார்." போனால் முன்பக்கம் முழுக்கக் கழற்றிக் கிடக்கிறது. டிங்கர் டார்ச் அடித்தார். சேசிஸ் நசுங்கிய தீப்பெட்டி மாதிரி மடிந்திருந்தது. மடிப்பில் தூக்கி நின்ற பெயிண்ட் செதிலை நகத்தால் தட்டினார். துரு பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது. செலவு இப்போது மூன்று மடங்கு, விற்றால்கூட அவ்வளவு வராது. அப்பா கடைசியாக ஓட்டிய வண்டி, விட மனசு வரவில்லை. அந்தத் துருப்பொடிதான் கண்ணிலேயே நிற்கிறது.

நெடுஞ்சாலை
மூன்று மடங்கு என்றதும் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். என் வண்டியைக் குறைந்த காசு கேட்ட இடத்தில் கொடுத்தேன். காஸ் வைத்துச் சூடாக்கி, சங்கிலி போட்டு இழுத்தார்கள். பார்க்க நேராகத்தான் இருந்தது. நாலே மாதத்தில் முன் டயர் உள்விளிம்பில் நூல் தெரிந்தது. அலைன்மென்ட் செய்பவர் ஸ்க்ரீனைக் காட்டி, "கேம்பர் செட்டே ஆகல, பாடி கோணல்" என்றார். கேம்பர் என்றால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம். ஸ்க்ரீனில் அந்தச் சிவப்பு எண் பச்சையாக மாறவே இல்லை.

சின்னஸ்பேனர்
சூடாக்குவதே தப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. லேடர் பிரேம், அதாவது பாடிக்கு அடியில் ஏணி மாதிரி தனிச் சட்டம், உள்ள பழைய ஜீப்பின் கனமான இரும்பு வேறு. என் ஜீப்பை அப்படித்தான் நிமிர்த்தினார்கள், இன்றும் ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் பாடியே சேசிஸ், தனிச் சட்டம் கிடையாது. உறுதி கூட்டிய ஸ்டீல் சூடு பட்டால் பலம் போய்விடும். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். காசில் பெரும்பகுதி பார்ட்ஸுக்குப் போகாது, கூலிக்குத்தான்: எஞ்சின் இறக்கணும், பெஞ்சில் (பாடியை அசையாமல் பிடிக்கும் இரும்பு மேடை) பூட்டணும், இழுக்கணும், அளக்கணும், திரும்ப இழுக்கணும். இழுக்கும் முன் ஒரு அளவுச் சீட்டு, இழுத்த பின் ஒன்று கேட்டு வாங்குங்கள். மடிந்து கசங்கிய துண்டை நிமிர்த்த விடாதீர்கள், வெட்டிப் புதுசு வைக்கணும். அடுத்த இடியில் அதுதான் மடிந்து உங்களைக் காப்பாற்ற வேண்டும். வெல்டிங் பிடிக்கும் இடத்தைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பணம் போடாதீர்கள்.

பழையவண்டி
இன்று போய்க் குத்திப் பார்த்தேன். மடிப்புக்கு முன்னால் இறங்கியது. பின்னால், சஸ்பென்ஷன் பூட்டும் இடத்தில், இறங்கவில்லை, ணங் என்றது. முன் துண்டை வெட்டி மாற்றச் சொல்லிவிட்டேன். பழைய துண்டை டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.